எல்லைக் கேட்டைத் தாண்டிய பிறகு வண்டி பிடித்த கதைகள்: நம்ம கடற்கரை ஆட்களின் அனுபவம்

பாம்பன்காரன்

பங்குனி மாதம் எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேர் காசிக்குப் போய், அங்கிருந்து அப்படியே நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். விமானம் வேண்டாம், கோரக்பூர் போய் சுனௌலியில் நடந்தே நேபாளத்துக்குள் நுழைவது என்று முடிவாகிவிட்டது. இரண்டு வருடம் முன்பு நாங்கள் ஏழு பேர் அதே வழியில் போனோம். பட்ட பாட்டையெல்லாம் எழுதிக் கொடு என்று அக்கா கேட்டாள், அவளுக்காக எழுதுகிறேன். வேறு எல்லைகளை நடந்து தாண்டியவர்கள் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள்.

நமக்கு எல்லை என்றால் கடல்தான். அரிச்சல்முனையில் நின்றால் தண்ணீர், அதற்கப்பால் தலைமன்னார். ஒரு ரோடு, ரோட்டின் குறுக்கே ஒரு கேட், அந்தப் பக்கம் போனால் வேறு நாடு என்பது நமக்குப் பழக்கமே இல்லாத விஷயம். அதனால்தான் ஏமாந்தோம் என்று நினைக்கிறேன்.

முதல் ஏமாற்று கோரக்பூரிலேயே நடந்துவிட்டது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டிராவல்ஸில் 'இங்கிருந்து நேபாளத்துப் பொக்காரா வரைக்கும் ஒரே டிக்கெட்' என்று ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சுனௌலி வரை சுமார் நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம், பஸ் ஒழுங்காகத்தான் வந்தது. கேட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டு, 'அந்தப் பக்கம் எங்க ஆள் நிப்பான்' என்றார்கள். அந்தப் பக்கம் ஒருத்தனும் நிற்கவில்லை. சீட்டைக் காட்டினால் நேபாளப் பஸ்காரர்கள் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அக்கா, எல்லை வரைக்கும் ஒரு டிக்கெட், எல்லைக்கு அப்புறம் வேறு டிக்கெட். இதை மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிடு.

கேட்டுக்கு இந்தப் பக்கம் சசஸ்திர சீமா பல் என்கிற எல்லைக் காவல் படை ஜவான்கள் பையைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் அப்பத்தாவின் மஞ்சள் துணிப்பையில் ஒரு முடிச்சு இருந்தது. சேது மணல், ராமேசுரம் கடற்கரை மண். காசிக்கு எடுத்துப்போன மண்ணை திரிவேணியில் கரைத்தாயிற்று, ஆனால் கிழவி கண்டகி ஆற்றுக்கென்று ஒரு பிடியை யாரிடமும் சொல்லாமல் தனியாக முடிந்து வைத்திருக்கிறாள். ஜவான் முடிச்சை அவிழ்த்து இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறார், இந்தியில் என்னமோ கேட்கிறார். அப்பத்தா 'ராமேசுரம், ராமேசுரம்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பக்கத்தில் நின்ற இன்னொரு ஜவான் தலையைத் தூக்கி, "ஆச்சி, அக்னி தீர்த்தத்து மண்ணா?" என்றார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அவரே முடிச்சை மறுபடி கட்டிக் கொடுத்தார். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, கேட்டுக்கிட்ட நிக்கிற எந்த வண்டியிலயும் ஏறாதீங்க. கொஞ்சம் உள்ள நடந்து போயி விசாரிங்க. எந்த விலை சொன்னாலும் ஐசியா என்சியான்னு கேட்டுக்கோங்க" என்றார்.

அது அங்கே புழங்குகிற பேச்சு. ஐசி என்றால் இந்திய ரூபாய், என்சி என்றால் நேபாள ரூபாய். நம் நூறு அவர்களுக்கு நூற்று அறுபது, நிலையான கணக்கு, தினம் மாறுவதில்லை. ரிக்‌ஷாக்காரர் 'இருநூறு' என்பார். நாம் என்சி என்று நினைத்து ஏறுவோம், இறங்கும்போது ஐசி என்பார். ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட்டால் சண்டையே கிடையாது.

நம் ஆட்களுக்கு விசா வேண்டாம், முத்திரையும் வேண்டாம். வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும், ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஆனால் கூட்டத்தில் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒருத்தர் இருந்தாலும் கதை வேறு. எங்களோடு வந்த அத்தை மலேசியக் குடியுரிமை வாங்கியவர். கேட்டில் யாரும் தடுக்காததால் எங்களோடு சேர்ந்து அவரும் நடந்து வந்துவிட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் பேலஹியாவில் நேபாள விசா வாங்கப் போனால், இந்தியாவை விட்டு வெளியேறிய முத்திரை எங்கே என்று கேட்டார்கள். திரும்பி நடந்து இந்தியப் பக்கம் வந்து தேடினால், குடியேற்ற அலுவலகம் ரோட்டோரக் கடை வரிசைக்கு நடுவில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நாங்கள் முதலில் போயிருக்கிறோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. முத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி நடை. பதினைந்து நாள் விசாவுக்கு 30 டாலர், அதையும் டாலராகவே கொண்டுபோவது நல்லது. அத்தை வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முழங்கால் வீங்கிப்போய் இருந்தது, அதைப் பார்க்க எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெரியவர்களை ஓர் இடத்தில் உட்காரவைத்துவிட்டு இளவட்டங்கள் இரண்டு பேர் முன்னால் போய் விசாரித்திருக்க வேண்டும்.

அங்கிருந்து பைரஹவா நாலு கிலோமீட்டர். பொக்காரா பஸ் பதினொன்றுக்கு என்று சொன்னார்கள். என் கடிகாரத்தில் பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம், பஸ் போய்விட்டது. நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி முன்னால். கேட்டைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி முன்னால் தள்ளி வையுங்கள், நான் வைக்கவில்லை. அடுத்த வண்டிக்கு நாலு மணி நேரம் தகர ஷெட்டின் கீழ் உட்கார்ந்திருந்தோம். அப்பத்தா மட்டும் சந்தோஷமாக இருந்தாள், முடிச்சு மடியில் பத்திரமாக இருக்கிறதாம்.

கீழக்கரை சபராளி

நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச எல்லை சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவுல இருக்குற ஜொகூர் பாலந்தான், அதைப் பத்தி நான் சொல்றேன். சிங்கப்பூர்ல வேலை பாக்குறேன். வாப்பாவும் உம்மாவும் என்னைப் பாக்க வந்திருந்தாங்க. ஜொகூர்ல லாத்தா, அதாவது அக்கா வீடு. தீபாவளிக்கு முந்தின நாள் லீவு கிடைச்சுது, கூட்டிட்டுக் கிளம்பிட்டேன். அந்த நாள்ல கிளம்பினதுதான் நான் செஞ்ச தப்பு.

குவீன் ஸ்ட்ரீட்ல 170ஆம் நம்பர் பஸ் ஏறினோம். உட்லண்ட்ஸ் செக்பாயின்ட்ல எல்லாரும் பெட்டி படுக்கையோட இறங்கணும். முத்திரை முடிச்சுக் கீழ வந்தா ஏறி வந்த பஸ் நிக்காது, அதே நம்பர் அடுத்த பஸ்ல ஏறிக்கலாம். அதனால பஸ்ல எதையும் வச்சிட்டு இறங்கக் கூடாது. வாப்பா தலப்பாத் துணியை சீட்டுல போட்டுட்டு வந்துட்டாங்க, அது போனது போனதுதான்.

பாலத்துமேல பஸ் நின்னது நின்னதுதான். முக்கால் மணி நேரத்துல ஒரு தென்னை மர நீளம்கூட நகரலை. ஆளுங்க இறங்கி நடக்க ஆரம்பிச்சாங்க, உம்மாவும் 'நடந்துருவோம்'னாங்க. பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சித்த கூட, 1924ல திறந்தது. நடக்குறதுக்கு ஓரத்துல ஒடுக்கமா ஒரு பாதை. ஜொகூர்லேருந்து சிங்கப்பூருக்குத் தண்ணி வர்ற பெரிய பெரிய குழாய் கூடவே வருது. இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்குல மோட்டார் சைக்கிள், அந்தப் புகையிலதான் உம்மாவுக்கு மூச்சு வாங்கிருச்சு. நெஞ்சுச் சளி உள்ளவங்க, சின்னப் பிள்ளை வச்சிருக்கவங்க பஸ்லயே உக்காந்திருங்க. நான் அப்படிச் செய்யலையேன்னு இன்னைக்கும் வருத்தமா இருக்கு.

மலேசியா உள்ள போறதுக்கு முன்னாடி டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பணும். நான் எனக்கு மட்டும் நிரப்பி வச்சிருந்தேன். வரிசையில நின்னுக்கிட்டே ரெண்டு பேருக்கும் போன்ல நிரப்பினேன், வாப்பா பாஸ்போர்ட்டைக் கண்ணாடி இல்லாமப் படிச்சுச் சொல்றாங்க, ஒரு நம்பர் தப்பாகி மறுபடி முதல்லேருந்து. திரும்பி வர்றப்ப சிங்கப்பூருக்கும் அதே மாதிரி அட்டை உண்டு, வர்ற நாளுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள போட்டா போதும். ரெண்டுக்கும் காசு கிடையாது. காசு கேக்குற சைட் எதுவும் அரசாங்கத்தோடது இல்லை.

வெளிய வந்ததும் டாக்சிக்காரங்க சூழ்ந்துக்குவாங்க. அவங்ககிட்ட பேசாம, மேம்பாலம் வழியா ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்துருங்க. கூரை போட்ட வழி, மழையில நனையாது. அங்கேருந்து லார்கின் பஸ் நிலையத்துக்குப் பஸ் இருக்கு. கோலாலம்பூர், பினாங்கு போறவங்களுக்கு வண்டி லார்கின்லதான். இல்லாட்டி போன்ல கிராப் ஆப்புல காரைக் கூப்பிட்டுக்கலாம்.

இன்னொண்ணு. லாத்தாவோட மாமியாரும் எங்களோட சிங்கப்பூர் வந்தாங்க. அவங்க வெத்தலைப் பெட்டியில புகையிலைத் துண்டு. மெல்லுற புகையிலை சிங்கப்பூர்ல தடை, சிகரெட்டு ஒரு பாக்கெட்டுன்னாலும் வரி உண்டு. நாங்களே போய் எடுத்துக் காட்டினோம், அதிகாரி வாங்கி வச்சுக்கிட்டுக் கண்டிச்சு அனுப்பிட்டார். மறைச்சிருந்தா அந்த வயசுல அவங்களை என்னென்ன பாடு படுத்தியிருப்பாங்களோ.

உச்சிப்புளி

பாம்பன் அண்ணே, பணம் எப்படிக் கொண்டுபோகணும்? 500 ரூபாய்த் தாள் செல்லுமா?

பாம்பன்காரன்

நாங்கள் போனபோது 100 ரூபாய்த் தாளைத்தான் தயங்காமல் வாங்கினார்கள். கோரக்பூரிலேயே நூறாக மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. கொஞ்சம் நேபாளப் பணத்தைக் கேட்டைத் தாண்டியதும் மாற்றி வைத்துக்கொண்டால் டீக்கும் லோக்கல் பஸ்ஸுக்கும் சௌகரியம். மீதி என்சி இருந்தால் திரும்பி வரும்போது அந்தப் பக்கமே மாற்றிவிடுங்கள், இங்கே பாம்பனில் யாரும் வாங்க மாட்டார்கள்.

மண்டபம் பெண்

நான் எந்த நாட்டுக்கும் போனதில்லை. மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தேன், என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. இது என் அம்மா நடந்து வந்த கதை.

அம்மாவின் ஊர் இலங்கையில் மன்னார் தீவில் பேசாலை. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியதும் அம்மாவும் அம்மம்மாவும் மாமாவும் இரவில் படகு ஏறினார்கள். படகோட்டிக்கு அம்மம்மாவின் தோடு கூலி. விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே 'இந்தியா வந்திட்டுது, இறங்குங்கோ' என்று ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு அவர் திரும்பிவிட்டார். விடிந்த பிறகு பார்த்தால் நாலு பக்கமும் கடல். நம் ஆட்களுக்குத் தெரியும், தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் வரைக்கும் அப்படித் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்க ஒரு புதர் இல்லை. தண்ணீர் வற்றினபோது அடுத்த திட்டுக்கு நடந்தார்கள். முழங்கால் அளவு என்று இறங்கினார்கள், நடுவில் நீரோட்டம் இழுத்து இடுப்புக்கு ஏறிவிட்டது. மாமாவுக்கு அப்போது ஆறு வயது, அம்மம்மா தோளில். அம்மா தலையில் ஒரு சூட்கேஸ், அதற்குள் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு அந்தோனியார் படமும். அந்தச் சூட்கேஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் உப்பு பூத்த வெள்ளைக் கோடு எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை.

மத்தியானம் நம் பக்கத்து வள்ளம் ஒன்று பார்த்து ஏற்றி வந்து முனையில் இறக்கியது. இப்போதுதான் அரிச்சல்முனை வரை தார் ரோடு, அரசுப் பேருந்து எல்லாம். 2017க்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்தது. அதற்கப்பால் மணலும் சேறும்தான், மீன் ஏற்றும் வண்டிகள் மட்டும் தடம் பார்த்து ஓடும். அப்படி ஒரு மீன் லாரிக்காரர் இவர்களைப் பார்த்து நிறுத்தினார். பெட்டிகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, ஈரச் சாக்கை விரித்து உட்காரவைத்தார். அம்மம்மா கையிலிருந்த இலங்கை நோட்டை நீட்டினாராம். அவர் வாங்கவில்லை. சத்திரத்தில் நிறுத்தி மூன்று பேருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, மண்டபத்தில் முகாம் வாசல் வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே பதிவு எப்படி, யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பெயர் கேட்க அம்மாவுக்குத் தோன்றவில்லை.

2022இலும் இதே திட்டுகளில்தான் குடும்பம் குடும்பமாக இறக்கிவிட்டுப் போனார்கள். கடலோரக் காவல் படை ஹோவர்கிராஃப்டில் கூட்டிவந்தது. முகாமுக்குப் புதிதாகப் பிள்ளைகளோடு ஆள் வரும்போதெல்லாம் அம்மா முதலில் பன்தான் வாங்கிக்கொண்டு ஓடுவார்.

ஒன்று கேட்க வேண்டும் அண்ணா. சுனௌலியில் நம் ஆட்களை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குக் காத்மாண்டு பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எங்களைப் போன்றவர்கள் போகலாமா?

பாம்பன்காரன்

வேண்டாம் தங்கச்சி. போகும்போது கேட்க மாட்டார்கள் என்பதை நம்பி அம்மாவைக் கூட்டிப் போகாதே. திரும்பும்போது ஒருத்தர் அட்டையைக் கேட்டுவிட்டால், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போய் வந்ததாகிவிடும், அதற்குப் பிறகு முகாம் பதிவுக்கே சிக்கல் வரலாம். முதலில் முகாமில் தனித்தாசில்தாரிடம் எழுத்தில் கேள். சும்மா வாயால் சொல்கிற பதிலை எடுத்துக்கொண்டு கிளம்பாதே.

அந்த லாரி என்ன நிறம், முன்னால் ஏதாவது பெயர் எழுதியிருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல். 90இல் முனைக்கு மீன் வண்டி ஓட்டியவர்கள் ரொம்பப் பேர் கிடையாது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வயசானவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் மீன் ஏலத்துக்குப் போகும்போது விசாரிக்கிறேன்.

மண்டபம் பெண்

பச்சை நிறமாம் அண்ணா. முன்கண்ணாடியில் ஒரு மாதா படம், பக்கத்திலேயே ஒரு பிறைப் படமும் ஒட்டியிருந்ததாம். ஓட்டுனருக்கு இடது கையில் ஒரு விரல் இல்லை.