கோமதி இல்லம் குழு: யாழினி பேச்சுப் போட்டி

மஞ்சுளா: யாழினிக்கு சனிக்கிழமை பேச்சுப் போட்டியாம். "இலக்கியம் காலத்தின் கண்ணாடி". அஞ்சு நிமிஷம். திலகா அண்ணி, எழுதிக் குடுங்களேன்

செல்வம்: இன்னிக்கு வியாழன்!

திலகா: எழுதித் தர மாட்டேன் மஞ்சு, அவளே எழுதட்டும். வழி சொல்றேன். சங்ககாலம், சோழர், பாரதின்னு ஓடினா ஒண்ணும் மனசுல நிக்காது. ஒரே ஆள் போதும். அதியமான்

செல்வம்: நெல்லிக்கனி

திலகா: அதே. புறநானூறு 91, ஔவையார் பாட்டு. "அதியர் கோமான்", "அஞ்சி" ரெண்டும் பாட்டு வரியிலயே வருது. பாட்டுக்குக் கீழ "இன்னாரை இன்னார் பாடியது"ன்னு இருக்குமே, அது பிற்பாடு தொகுத்தவங்க சேர்த்த குறிப்பு. அதை மட்டும் நம்பி வரலாறு பேசினா சாட்சி பலமா இருக்காது. முதல்ல பாட்டுக்குள்ள பேர் இருக்கான்னு பாக்கணும்

ராஜு: அப்பா எண்பதுக்கு மண்டப அட்வான்ஸ் யாரு கட்டினது?

செல்வம்: இன்னும் இல்லண்ணே

திலகா: அடுத்தது ஜம்பை. திருக்கோவிலூர் பக்கம். 1981ல தொல்லியல் துறை அங்க குகையில ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடிச்சது. ஒரே வரி. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி குடுத்த இருப்பிடம்னு அர்த்தம். துறவிகளுக்குக் குடுத்தது. அசோகர் கல்வெட்டுல, கி.மு. 3ஆம் நூற்றாண்டுல, சோழர் பாண்டியரோட சத்தியபுத்திரரும் வர்றாங்க. அவங்க யாருன்னு ரொம்ப காலம் விவாதம். இந்த ஒரு வரி வந்துதான் தெளிவாச்சு

செல்வம்: அதியமான் தகடூர்தானேக்கா, நம்ம தர்மபுரி? பேர் ஏன் திருக்கோவிலூர்ல?

திலகா: பேச்சோட உயிரே அங்கதான்டா! புறம் 99 பாரு. நீ கோவலூரை அழிச்சதைப் பரணர் பாடினார்னு ஔவை சொல்றாங்க. கோவலூர்தான் இன்னிக்குத் திருக்கோவிலூர். தகடூர்க்காரன் பேர் அங்க எப்படிப் போச்சுன்னு பாட்டு சொல்லுது. அவன் கை அதுவரைக்கும் எட்டியிருந்ததுன்னு கல் சொல்லுது

செல்வம்: காதுகுத்துக்கு வராத அக்கா கல்வெட்டுக்கு மட்டும் வந்துடுச்சு 😄

திலகா: அதை அப்புறம் பேசலாம்

மஞ்சுளா: யாழினி கேக்குறா, அப்ப நெல்லிக்கனியும் நிஜமா அத்தைன்னு

திலகா: அதைக் கல் சொல்லலைடா கண்ணு. மேடையில "நிரூபணம் ஆயிடுச்சு"ன்னு சொல்லிடாதே. ஆள், பட்டம், தானம், இவ்வளவுக்குத்தான் சாட்சி. ஆனா ஒரு பெண் புலவர் அரசன் முன்னால நின்னு "நீ"ன்னு உரிமையோட பேசின காலம் அதுன்னு பாட்டுலதான் தெரியும். எந்தக் கல்லுலயும் கிடைக்காது. இதை அழுத்திச் சொல்லு.

இன்னொண்ணு. ஆத்திசூடி ஔவை வேற, பல நூற்றாண்டு பிந்தினவங்க. எல்லாரும் தப்பு பண்ற இடம்

ராஜு: சனிக்கிழமை காலையில மண்டபம் பாக்கப் போறோம்ல? எல்லாரும் வரணும்

மஞ்சுளா: போட்டியும் காலையிலதான் மாமா, 10 மணிக்கு

செல்வம்: ஞாயிறு போலாமே

ராஜு: ஞாயிறு முகூர்த்தம், மண்டபத்துல கல்யாணம் இருக்கும். கேட்டுச் சொல்றேன்

திலகா: நேரம்: 91க்கு ஒரு நிமிஷம், ஜம்பைக்கு ஒண்ணரை, 99க்கு ஒண்ணு, எதுக்கு சாட்சி இல்லைங்கிறதுக்கு ஒண்ணு. மிச்ச அரை நிமிஷம் மூச்சு வாங்க. 450 சொல்லைத் தாண்டினா கடைசியில ஓட வேண்டி வரும்

செல்வம்: யாரு கூட்டிட்டுப் போறது?

மஞ்சுளா: அவங்க அப்பாவுக்கு டியூட்டி

திலகா: 91 முழுசும் மனப்பாடம் வேண்டாம். "பெருமலை விடரகத்து"ல இருந்து கடைசி நாலு வரி போதும். சாயங்காலம் போன் பண்ணி ஒப்பிக்கச் சொல்லு