‘நிலை’ என்ற ஒரே சொல் போதாது: செலுத்திகளின் வழுநீக்கச் செய்திகள்

அன்பின் நண்பர்களுக்கு,

நம் தமிழாக்கத்தில், சாதனச் செலுத்திகளில் (வன்பொருளை இயக்கும் ‘டிரைவர்’ நிரல்களில்) வேண்டும்போது மட்டும் எழும் வழுநீக்கச் (டீபக்) செய்திகளைப் பற்றிய பகுதியில், ஆங்கில ‘லெவல்’ வரும் இடமெல்லாம் ‘நிலை’ என்றே போடலாம் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, லினக்ஸ் கருனி (கெர்னல்) செய்திகளை வெளியிடப் பயன்படுத்தும் பிரிண்ட்கே. அதில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் கணினி இனித் தேறாது. 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 தகவல், 7 வழுநீக்கம். செய்தி எவ்வளவு பாரதூரமானது என்பதே இங்கே கணக்கு. எண் கூடக்கூடப் பாரதூரம் குறையும்.

இரண்டாவது, செலுத்தி தனக்கென வைத்துக்கொள்ளும் எண். பழைய வலையமைப்புச் செலுத்திகளில் இதுவும் 0 முதல் 7 வரைதான். ஆனால் இது பேச்சின் அளவு. 0 என்றால் மோசமான பிழை மட்டும். 3 என்றால் இடைமுகம் தொடங்கியதும் நின்றதும். 6இல் போகிற வருகிற ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் (பாக்கெட்) ஒரு வரி. 7இல் பொதியின் உள்ளடக்கமே கொட்டும். செலுத்தி முதிர முதிர இந்த வாயாடித்தனம் களையப்படுவது வழக்கம்.

இரண்டும் ‘நிலை’ ஆனால் என்ன நடக்கும் என்பதை வெள்ளவத்தையில் கண்டேன். ‘நிலையை 7க்கு உயர்த்துக’ என்று படித்த மாணவர், கருனியின் முனைய எல்லையை 7 ஆக்கிவிட்டு, வைஃபை குச்சியின் செலுத்தி வாய் திறக்கும் என்று காத்திருந்தார். எல்லையைவிடச் சிறிய எண்ணுள்ள செய்திகள்தான் முனையத்துக்கு வரும். வழுநீக்கச் செய்தி வர எல்லை 8 ஆக வேண்டும். அவர் படித்த வரி சொன்னதோ, செலுத்தியை ஏற்றும்போது அதற்குக் கொடுக்கும் எண்ணை.

ஆகவே முதலாவதுக்குக் ‘கடுமை நிலை’ என்கிறேன். ‘அவசர நிலை’ என்ற யோசனையும் வந்தது. கொழும்பில் அதைக் கேட்பவர்கள் கருனி ஊரடங்கு போட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். இரண்டாவதுக்கு ‘விவர மட்டம்’. மட்டம் என்றால் தமிழ்நாட்டில் ‘தரம் குறைந்தது’ என்ற பொருள் முந்திக்கொள்ளும் என்று தெரியும். இங்கே இலங்கையில் ‘மாகாண மட்டப் போட்டி’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. யாரும் அந்தப் போட்டியை இளப்பமாக எண்ணுவதில்லை. நீர்மட்டம் இரு கரையிலும் உண்டே.

மூன்றாவது, வலையமைப்புச் செலுத்திகள் பின்னாளில் அந்த எண்ணை இருமத் துண்டுகளாக்கி (பிட்), ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு துண்டு ஒதுக்கியது. 4 இணைப்பு, 64 பெறுதல் பிழை. இரண்டும் வேண்டுமானால் 68. வலையமைப்புச் சாதனங்களின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளை இதையும் ‘லெவல்’ என்ற பழைய பெயரிலேயே அழைக்கிறது, ஆனால் இதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. ‘செய்தி வகைத் தெரிவு’ போதும்.

வேண்டும்போது மட்டும் எழும் இச்செய்திகளுக்கு ‘விருப்பச் செய்தி’ என்ற பெயர் வேண்டாம். செலுத்தியைத் தொகுக்கும்போது (கம்பைல்) வழுநீக்கத்தைச் சேர்க்காவிட்டால் அந்த வரிகள் நிரலில் இருப்பதே இல்லை. அங்கே யாருடைய விருப்பம்? ‘தேவைச் செய்தி’ என்று வைக்கலாம்.

வழுநீக்கமா பிழைதிருத்தமா என்ற பழைய சண்டையை மட்டும் யாரும் மீண்டும் கிளப்ப வேண்டாம்.

‘கடுமை நிலை’யில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. 6 வெறும் தகவல். அதில் என்ன கடுமை? நல்லதொன்று கிடைத்தால் மாற்றத் தயார்.