வாசல் சிங்கம், தவளை வைக்கிறது பற்றி: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்க

தோ பாயோ (சிங்கப்பூர்) மருமகள்:
எங்க எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் வீட்டைப் புதுப்பிச்ச கையோட வாசல்ல கல் சிங்கம் ஜோடியா வெச்சாங்க. முழங்கால் உயரம் இருக்கும். எங்க அத்தைக்கு மனசே ஆறலை. "கோலம் போடக் கதவைத் திறந்தா ரெண்டும் நம்மையே முறைக்குதும்மா."

நேரா அந்த ஆன்ட்டியிடமே கேட்டேன். கோவிச்சுக்கலை. என்னை உள்ளே கூப்பிட்டு, தன் வாசலில் நின்னு வெளியே பார்க்கச் சொன்னாங்க. இடக்கைப் பக்கம் ஆண் சிங்கம், பாதத்துக்கு அடியில் பந்து. வலக்கைப் பக்கம் பெண், பாதத்துக்கு அடியில் குட்டி மல்லாந்து கிடக்குது. பந்து வீட்டைக் காக்கிற அதிகாரமாம், குட்டி உள்ளே இருக்கிற பிள்ளைகுட்டியாம். பக்கம் மாறக்கூடாது, ஜோடியைப் பிரிக்கவும் கூடாது. "காவலுக்கு வெச்சது, உங்க வீட்டு மேல ஏவினது இல்லை"ன்னு சொல்லி, ரெண்டோட முகத்தையும் லிஃப்ட் பக்கமா லேசாத் திருப்பினாங்க. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடணும்னு தீயணைப்பு விதி இருக்கிறதால சுவரோடு ஒட்டியும் தள்ளி வெச்சாங்க. இப்போ அத்தை சுடுற கொழுக்கட்டையில் பாதி அந்த வீட்டுக்குத்தான் போகுது. அடுக்குமாடியில் இருக்கிறவங்க எதை வெச்சாலும் அது யார் கதவைப் பார்க்குதுன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

பினாங்குக்காரன்:
அப்பா மளிகைக்கடை திறந்தப்போ பக்கத்துக்கடை தவுக்கே (சீன முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பணவரவுக்குன்னு மூணுகால் தவளை பொம்மை கொடுத்தார். வாயில் காசு, முதுகெல்லாம் பொரிப்பொரியா மரு. தூசி தட்டின பையன் அதை வாசலைப் பார்த்துத் திருப்பி வெச்சுட்டான். தவுக்கே உள்ளே வந்ததும் உட்காரக்கூட இல்லை, முதல் வேலையா அதைக் கடைக்குள்ளே பார்க்கத் திருப்பினார். காசைக் கவ்விக்கிட்டு வெளியே பார்த்தா வந்த காசு போயிடுமாம். பகலில் வெளியே, ராத்திரி உள்ளேன்னு திருப்புறவங்களும் இருக்காங்க. தரையில் மட்டும் யாரும் வைக்கிறதில்லை. பீஷியூன்னு சிங்கம் மாதிரி ஒரு சீனக் கற்பனை மிருகம், அதோட சிலை இதுக்கு நேரெதிர், அது வெளியே பார்க்கணும். தங்கத்தைத் தேடித் தின்னும், ஆசனவாயே கிடையாது, அதனால தின்னது வெளியே போகாதுன்னு கதை.

ஈப்போ வாசகி:
சீனத் தோழி ஒருத்தியின் புதுவீட்டுக்கு ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஓடும் குதிரைச் சிலை கொடுக்கலாம்னு பேசினோம். இன்னொரு சீனத் தோழி தடுத்துட்டாங்க. அந்த வீட்டுப் பெரியவர் 1960-ல் பிறந்தவர், சீனர்களோட பன்னிரண்டு மிருக ஆண்டுக் கணக்குல அது எலி ஆண்டு. எலிக்குக் குதிரை ஆகாது. புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், இப்படி ஒவ்வொண்ணுக்கும் எதிரி உண்டு. கடைசியில பூச்சாடி வாங்கினோம். மிருகச் சிலை பரிசா கொடுக்கிறவங்க, வீட்டில் யாருக்கு எந்த ஆண்டுன்னு விசாரிச்சுட்டு வாங்குங்க.