மாசியில் வாருங்கள்

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

தர்சினி (சென்டாய், ஜப்பான்), காலை 6:12
நான்கு நாள் நடை முடிந்தது. வலது காலில் ஒரு கொப்புளம், இடது காலில் இரண்டு. மிச்சினோகு கரையோரப் பாதை, ஹச்சினோஹேயிலிருந்து சோமா வரை 1,000 கிலோமீற்றருக்கு மேல். நான் நடந்தது ஒரு துண்டுதான்.

கமலா மாமி, 6:20
பிள்ளை, 2011இல் சுனாமி அடித்த கரையல்லவா அது? செத்தவீட்டுக்குச் சுற்றுலாவா போனாய்?

தர்சினி, 6:31
எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது, மாமி. ஆனால் அந்த ஊர்கள் மீண்டும் எழும்பவேண்டும் என்றுதான் அங்குள்ள சுற்றாடல் அமைச்சு பாதையையே போட்டது. 2019இல் முழுவதும் திறந்தார்கள். பஸ்ஸில் வருகிறவர் இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏறிவிடுவார். நடக்கிறவருக்குப் பசிக்கும், வழியில் இருட்டிவிடும். அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுக்கவேண்டும்.

குகன், 6:40
அனெயோஷிக் கல்லைப் பார்த்தாயா?

தர்சினி, 6:44
பார்த்தேன் அண்ணா. காட்டுச் சரிவில் நிற்கிறது. 1933 சுனாமிக்குப் பிறகு நட்டது. இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று வெட்டியிருக்கிறார்கள். 2011இலும் கடல் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அங்கிருந்து கரைக்கு இறங்கும்போது, தண்ணீர் இவ்வளவு தூரமா ஏறியது என்று என் முழங்கால்தான் கேட்டது.

குகன், 6:52
நாங்களும் டிசெம்பர் 26 அன்று நடப்போமா? யாழ்ப்பாணத்து மணற்காட்டில், மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலடியில் தொடங்கி, கரையோடு உடுத்துறை சுனாமி நினைவாலயம் வரை.

ஆழியவளைச் சின்னம்மா, 7:15
கடலைக் கேட்காமல் திட்டம் போடாதே தம்பி. மார்கழியில் வாடை அடிக்கும், நடக்கக் கரை மிஞ்சாது. அன்றைக்கு ஆட்களுக்கும் குறைவில்லை. வான், மாலை, மெழுகுதிரி, கமெரா. மத்தியானத்துக்குள் எல்லாரும் போய்விடுவார்கள். 27ஆம் திகதி ஒரு நாயும் எட்டிப் பார்க்காது.

குகன், 7:17
பிறகு எப்போது வருவது?

ஆழியவளைச் சின்னம்மா, 7:26
மாசியில் வாருங்கள். நண்டு போட்டு, பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சித் தருகிறேன், தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குவேன். சொந்தம் என்று பார்க்கமாட்டேன். படுக்கப் பக்கத்து வீட்டில் இரண்டு அறை இருக்கிறது, அவளுக்கும் கொடுக்கவேண்டும். போகும்போது மீன்வாடியில் கருவாடு வாங்குங்கள், விலை பேசாதீர்கள். 2004 சுனாமியில் எங்கள் வீட்டில் மிஞ்சியது கிணற்றுக்கட்டு மட்டும். அதில் குந்தியிருந்து கதைக்கலாம், அதற்குக் காசில்லை.

தர்சினி, 7:29
சின்னம்மா, நான் தங்கிய வீட்டுப் பாட்டியும் இதே மாதிரி. இரவு பத்து மணிவரை கதைத்தார், காலையில் பில்லில் ஒரு யென் குறைக்கவில்லை.

கமலா மாமி, 7:33
எனக்கு மணலில் நடக்க ஏலாது. நான் பஸ்ஸில் வருகிறேன்.

ஆழியவளைச் சின்னம்மா, 7:34
பஸ்ஸில் வருகிறவர்கள் நண்டு உடைக்கவேண்டும்.