நாய்க்குப் பாம்புக்கடி: முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

தோப்புவீடு_உடுமலை

எல்லோருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. போன மாதம் எங்கள் கருப்பனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. நாட்டு நாய், நாலு வயது, பதினெட்டு கிலோ இருப்பான். பிழைத்துவிட்டான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று ராத்திரி நாங்கள் செய்ததில் எது சரி, எது தப்பு என்று இன்னும் மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

மணி ஏழரை இருக்கும். மட்டை குவித்து வைத்திருக்கும் இடத்தில் குக்கரில் ஆவி போகிற மாதிரி சீறல், உடனே கருப்பன் கத்துகிற சத்தம். டார்ச் அடித்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி வருகிறான், பாதத்துக்கு மேலே ரத்தம் கசிகிறது. பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா ஓடி வந்து தேங்காய் நார்க் கயிற்றால் காலை இறுக்கிக் கட்டினார். தம்பி அவனைக் கார் வரைக்கும் நடக்க வைத்துக் கூட்டிப் போனான். முதலில் போன ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் விஷமுறிவு மருந்து இருப்பு இல்லை என்றார்கள். அங்கிருந்து கோயம்புத்தூர். மருந்து உள்ளே இறங்கும்போது கடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, கால் தோள் வரைக்கும் வீங்கிவிட்டது.

என் கேள்விகள்: கயிறு கட்டியது தப்பா? நடக்க வைத்தது தப்பா? ஏஎஸ்வி என்கிற அந்த விஷமுறிவு மருந்தை வாங்கி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா? அக்கம்பக்கத்தில் வேப்பிலையும் மிளகும் அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? எங்கள் தோப்பில் மறுபடியும் பாம்பு வரத்தான் செய்யும்.

கால்நடை_மருத்துவர்_ஓய்வு

தம்பி, நாய் பிழைத்ததே பெரிய விஷயம், அதனால் மனசைப் போட்டு வாட்டிக்கொள்ள வேண்டாம். நாமக்கல் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கயிறு கட்டக் கூடாது. விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையை அழிக்கும், இறுக்கிக் கட்டினால் விஷமும் அங்கேயே தேங்கி ரத்த ஓட்டமும் நின்று காலே அழுகிப் போகும். கீறி ரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, மஞ்சள் அப்புவது எதுவும் வேண்டாம். வேப்பிலையும் மிளகும் விஷத்தை முறிக்காது, விழுங்க முடியாத நிலையில் இருக்கும் நாய்க்கு வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். நடக்க வைப்பதும் தப்புதான், தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். பெட்ஷீட்டில் போட்டு இரண்டு பேராகத் தூக்கிப் போங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், நாய்கள் மூக்கை நீட்டிக்கொண்டு போய் மூஞ்சியில் கடி வாங்குவதுதான் அதிகம், வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் பட்டையே மூச்சை அடைக்கும். வலியில் நம் நாயே நம்மைக் கடிக்கும், அதனால் துணிப்பட்டையால் வாயை லேசாகக் கட்டலாம். ஆனால் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மூஞ்சியில் கடிபட்டிருந்தாலோ கட்டாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் பெரிய இழப்பு கயிறு இல்லை, அந்த முதல் ஆஸ்பத்திரியில் போன நேரம். ஏஎஸ்வி இருக்கிறதா என்று கிளம்பும்போதே போனில் கேட்க வேண்டும். ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் போன் அடித்துக்கொண்டே போகலாம்.

நாய்களுக்கும் மனிதருக்குப் போடும் அதே குப்பியைத்தான் போடுகிறோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் சேர்த்துக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஆனைமலை மேலே இருக்கும் குழிவிரியன்களின் விஷத்தை இந்த மருந்து முறிக்காது, அங்கே வலி, வீக்கம், ரத்தக்கசிவு என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் வாங்கி வைக்கலாமா என்றால், வேண்டாம். அது நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய மருந்து. குதிரைப் புரதம் என்பதால் சில நாய்களுக்குச் சில நிமிஷத்தில் ஒவ்வாமை வந்து மூச்சு அடைக்கும், அப்போது அட்ரினலின் ஊசி கையில் இருக்க வேண்டும். அளவும் எடையைப் பார்த்து இல்லை, உள்ளே போன விஷத்தைப் பார்த்து. சின்ன நாய்க்கு மருந்து கம்மியாகப் போதும் என்று நினைக்காதீர்கள், ஐந்து கிலோ நாய்க்கும் பாம்பு இறக்கும் விஷம் அதேதான்.

இன்னொன்று. வலிக்கிறதே என்று புருஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி நாம் சாப்பிடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே ரத்தம் உறையாமல் கிடக்கும், சிறுநீரகம் அடி வாங்கியிருக்கும், அந்த மாத்திரை இரண்டையும் இன்னும் கெடுக்கும்.

கொல்லங்குடி_சிப்பிப்பாறை

டாக்டர் ஐயா சொன்னது கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்புக்கு. கட்டுவிரியன் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் என் செல்லியை இழந்தேன்.

சிப்பிப்பாறைப் பெண் நாய், மூன்று வயது. சிவகங்கை பக்கம் எங்கள் வீடு, திண்ணையில்தான் படுப்பாள். ஒரு நாள் காலையில் எழுந்தபோது பின்னங்கால் இரண்டும் தள்ளாடியது, வாயில் எச்சில் ஒழுகியது, கண் இமை பாதி மூடியிருந்தது. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, ராத்திரி கத்தின சத்தமும் இல்லை. எதையோ தின்றுவிட்டாள் என்று நினைத்து மோர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம், வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. பல் பட்ட இடம் உதட்டோரம் முடிக்குள் இருந்ததை டாக்டர்தான் காட்டினார்.

கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், கடித்தால் வலிகூட அதிகம் தெரியாது. அதனால் காலையில் நாய் காரணமில்லாமல் தள்ளாடினால், குரல் மாறினால், சோறு தண்ணீர் விழுங்க முடியாமல் போனால், வேறு எதையும் யோசிக்காமல் முதலில் பாம்பு என்று நினைத்துக் கிளம்புங்கள். அது பாம்பு இல்லாமல் போனால் நல்லதுதானே. இப்போது இருக்கும் குட்டி வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறது. அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, இப்போது அவரே கதவைத் திறந்து கூப்பிடுகிறார்.

கால்நடை_மருத்துவர்_ஓய்வு

அம்மா, நீங்கள் சொன்னது ரொம்ப முக்கியம். நரம்பைத் தாக்கும் விஷத்தில் நாய் சாவது மூச்சுத் தசை நின்றுபோவதால்தான். மருந்து வேலை செய்யும் வரைக்கும் குழாய் போட்டு மூச்சு கொடுக்க வசதி இருந்தால் காப்பாற்ற முடியும். அதனால் போன் செய்யும்போது ஏஎஸ்வி இருக்கிறதா என்பதோடு, ஆக்சிஜன் இருக்கிறதா, ராத்திரி டாக்டர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

மூன்று_நாய்_வீடு

நான் சொல்ல வருவது வராமல் தடுப்பது பற்றி. பாம்பு நாயைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. எலி வருவது நாம் ராத்திரி வைத்துவிட்டுப் போகும் நாய்ச்சோற்றுத் தட்டுக்கு. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். மட்டை, விறகு, செங்கல் குவியலை வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்காக எலி மருந்து வைத்துவிடாதீர்கள்! எங்கள் பழைய நாய் செத்த எலியைத் தின்று, மூன்று நாள் கழித்து மூக்கில் ரத்தம் வந்தது, வைட்டமின் கே ஊசி பல நாள் போட்டுத்தான் மீண்டது. சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள், அதற்கு விஷமில்லை, எலியைத் தின்று தீர்ப்பது அதுதான். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் 101-க்குப் போன் செய்தால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள், நாயை உள்ளே கட்டிப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பாம்பை அடையாளம் காட்டப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும்.

அப்புறம், நாய் நன்றாக இருக்கும்போதே அதன் ஈறு என்ன நிறம் என்று பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்பும். வெளுத்திருந்தால் என்ன நோய் என்று தெரியாவிட்டாலும் அவசரம் என்பது தெரிந்துவிடும்.

தோப்புவீடு_உடுமலை

எல்லோருக்கும் நன்றி. செல்லி பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை, அக்கா.

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி நேற்று உட்கார்ந்து போன் அடித்தேன். உடுமலை, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று ஏழு இடத்தில் கேட்டதில் மூன்று இடத்தில்தான் ஏஎஸ்வி எப்போதும் இருக்கும் என்றார்கள், அதில் ராத்திரி திறந்திருப்பது ஒன்றுதான். அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டோம், பக்கத்துத் தோட்டத் தாத்தா போனிலும் போட்டுக் கொடுத்தேன். கயிறு பற்றி அவரிடம் மெதுவாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

விட்டுப்போன ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கோயம்புத்தூரில் முதலில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் இருபது நிமிஷம் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. மருந்து ஏற்றிய பிறகு மறுபடி எடுத்துப் பார்த்து, உறைந்திருந்ததைக் காட்டினார்கள், அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மூன்றாம் நாள் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனது, ட்ரிப்ஸ் போட்டே வைத்திருந்தார்கள். இப்போது சிறுநீர் தெளிவாகப் போகிறது. பாதத்தில் தோல் உரிந்த இடம் மட்டும் ஆறவில்லை, தினமும் சலைன் விட்டுக் கழுவிக் கட்டுகிறோம். அடுத்த வாரம் இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.