பழையாற்றங்கரை நஞ்சையில் வீடு கட்ட விலக்கு கிடைக்குமா?

கேள்வி:
சுசீந்திரம் அருகே பழையாற்றை ஒட்டிய எங்கள் பத்து சென்ட் நஞ்சையில் 2021 நவம்பர் வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீர் நின்றது. அங்கே வீடு கட்ட விலக்குப் பெற இயலுமா, ஐயா?

மறுமொழி:
தம்பி, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு அச்சட்ட விதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது என்றாலும், அதன்படி திட்டப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியிலுள்ள நஞ்சையை மனையாக்க 47-அ பிரிவின்படி ஆட்சியரின் இசைவு முதலில் வேண்டும். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றையும் கேட்பார்கள்.

மற்றொரு மறுமொழி:
அனுமதியைவிட எனக்குத் தண்ணீரே கவலை. மண் கொட்டி மேடாக்கினால், உங்கள் மனையில் தேங்க வேண்டிய வெள்ளம் பக்கத்து வயலுக்கும் தாழ்ந்த வீடுகளுக்கும் பாயும். ஆகவே தூண்களின் மேல் தளம் உயர்த்தி, அடியில் நீர் ஓட வழிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, ஐயா. வரும் வாரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் புல வரைபடம் பெற்று, வாய்க்கால் புறம்போக்கு எதுவரை என்று முதலில் அளந்து பார்க்கிறேன்.