வண்டி தானாகப் பாய்கிறது, எல்லோரும் அப்பாவின் காலைக் குறை சொல்கிறார்கள்

மூத்தவன்:

எங்கள் வீட்டு வண்டி 2001 மாடல். பெட்ரோல், ஆட்டோமேட்டிக். இன்ஜெக்‌ஷன் வண்டிதான், ஆனால் ஆக்சிலேட்டருக்குக் கேபிள். பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் கிடையாது. 1,64,000 கி.மீ. ஓடியிருக்கிறது, அதில் முக்கால்வாசி அப்பா ஓட்டியது. அவருக்கு 71 வயது. நான் ஓட்டப் பழகியதும் இதே வண்டியில், இதே அப்பாவிடம். ஆகவே நான் நடுநிலையோடு எழுதுகிறேன் என்று யாரும் நம்ப வேண்டாம்.

நடந்தது மூன்று.

ஒன்று: நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காகப் பெடலை முழுக்க அழுத்தினார். முந்தியாயிற்று, காலை எடுத்தார், வண்டி அடங்கவில்லை. 90 தாண்டி 100, 110. பக்கத்தில் அம்மா. பிரேக்கை விட்டு விட்டு மிதித்திருக்கிறார். மூன்றாவது மிதியில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டதாம். கடைசியில் நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் போட்ட சத்தத்தில் வெடித்தே விடும் என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டார். ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்த பிறகு, அப்பா பெடலைக் கால் நுனியால் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். 'டக்' என்று மேலே வந்தது.

இரண்டு: நானே பார்த்தது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சில நேரம் ஐடிலிங், அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், இறங்காது. 800-இல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் (நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று என்று காட்டுவது) 1,900-இல் நிற்கும். பிரேக்கிலிருந்து காலை லேசாகத் தளர்த்தினாலே வண்டி கட்டவிழ்த்த கன்று மாதிரி கிளம்பும். ஐந்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல 800.

மூன்று: வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் பாய்ந்து சுற்றுச்சுவரில் மோதியது. பம்பர் போயிற்று, ஒரு பின்விளக்கு போயிற்று. "பிரேக்கைத்தான் மிதித்தேன், மிதிக்க மிதிக்க வேகமாகப் போனது" என்கிறார்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், கோளாறு எதுவும் காட்டவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவர் பெடல் மாத்தி மிதிச்சிருப்பார் சார், வயசாச்சில்ல" என்றார்கள். தனியாகச் சொன்னது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சாவி ஆணியில் தொங்குகிறது.

இது காலா, வண்டியா? கால் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் யாராவது பானெட்டைத் திறந்து ஒழுங்காகப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். எதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நெடுவழி:

காரணம் தெரியும்வரை அந்த வண்டியை யாரும் எடுக்காதீர்கள். "ஒர்க்‌ஷாப் வரைக்கும்தானே" என்றும் எடுக்காதீர்கள், லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

அப்பா நியூட்ரலுக்குத் தள்ளியது முழுக்கச் சரி. அம்மாவிடம் சொல்லுங்கள், வெடிக்காது. இந்த மாதிரி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆர்பிஎம் எல்லை தாண்டினால் பெட்ரோல் வருவது நின்றுவிடும். சத்தம் மட்டும்தான் பயங்கரமாக இருக்கும்.

பிரேக் கல்லானதற்கும் காரணம் உண்டு. மிதிக்கு உதவுகிற பூஸ்டர், இன்ஜின் உறிஞ்சும்போது உண்டாகும் வேக்கத்தில், அதாவது வெற்றிடத்தில், வேலை செய்கிறது. இன்ஜினுக்குக் காற்று விடுகிற த்ராட்டில் முழுக்கத் திறந்து கிடந்தால் வேக்கம் ஏறக்குறைய இல்லை. பூஸ்டருக்குள் மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும், விட்டு விட்டு மிதித்தால் தீர்ந்துபோகும். ஒரே மிதி, முழு பலத்தோடு, விடாமல். அப்படி மிதித்தால் சாதாரணக் குடும்ப வண்டியில் பிரேக்தான் ஜெயிக்கும்.

ஓடும்போது சாவியைத் திருப்ப வேண்டி வந்தால் ஒரே ஒரு கட்டம்தான். கடைசிவரை திருப்பி உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ஸ்பானர்:

தம்பி, ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்றார்களாமே, சிரிப்புத்தான் வருகிறது. கேபிள் சிக்கினால் ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? த்ராட்டில் திறந்திருக்கிறது, சென்சாரும் திறந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை யாரோ மிதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

30 வருஷமாகக் கேபிள் வண்டி பார்க்கிறேன். மூன்றும் ஒரே நோய் என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கால்மேட்டை எடுத்து வெளியே எறியுங்கள். ஒருவர் சீட்டில், நீங்கள் பானெட் பக்கம். அவர் பெடலைத் தரைவரை மெதுவாக அழுத்தி, மெதுவாக விடட்டும். மெதுவாக என்பதுதான் விஷயம். படக்கென்று காலை எடுத்தால் ஸ்பிரிங் அடிக்கிற அடியில் சின்னச் சிக்கலெல்லாம் தாண்டிப் போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பார்ப்பார்கள், அதிலும் கால்வாசி மட்டும் மிதித்து. உங்கள் அப்பாவுக்குச் சிக்கியதோ முழுசாக மிதித்தபோது.

அப்புறம் கேபிளை த்ராட்டில் பக்கம் கழற்றிவிட்டு, இரண்டையும் தனித்தனியாக ஆட்டிப் பாருங்கள். கையில் நறநறத்தால் கேபிள். கேபிள் இல்லாமலே பட்டர்ஃப்ளை (த்ராட்டிலுக்குள் திறந்து மூடும் தகடு) மூடத் தயங்கினால் கரி பிடித்திருக்கிறது, அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் உள்ள மாடல் என்றால் அதன் இணைப்பையும் விடாதீர்கள்.

ஐடிலிங் ஏறுவது வேறு கதை. பட்டர்ஃப்ளை மூடியிருக்கும்போது இன்ஜினுக்குக் காற்றுவிட ஒரு சின்னப் பாதை, அதில் ஒரு வால்வு. அது கரி பிடித்துத் திறந்தபடி நின்றால் உங்கள் 1,900 வந்துவிடும். வெடித்த வேக்கம் ஹோஸும் அதே வேலையைச் செய்யும், காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்டிங் உடைந்திருந்தாலும் இன்ஜின் சாயும்போது கேபிளை இழுக்கும். அதைப் பார்க்க இன்ஜினை ஓடவிட்டு டிரைவ் போட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. உங்கள் வண்டியில் அது வேண்டவே வேண்டாம். பானெட்டுக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள்.

பழங்கதை:

எல்லோரும் கேபிளைப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்றாவது சம்பவத்தில் அவர் சொன்னதை மறுபடி படியுங்கள்: "மிதிக்க மிதிக்க வேகமாகப் போனது." ஊர்ந்துகொண்டிருந்த வண்டியில் இது நடக்க, பிரேக்கும் த்ராட்டிலும் ஒரே நொடியில் கெட்டு, சுவரில் மோதியதும் இரண்டும் தாமாகவே சரியாகியிருக்க வேண்டும். கால் ஆக்சிலேட்டரில் இருந்தது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது.

அமெரிக்காவில் ஆடி (Audi) 5000 கார் விவகாரம் அச்சு அசல் இதுதான். 1986-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்தபின் அந்த வண்டியின் விற்பனையே படுத்துவிட்டது. அரசுத் தரப்பில் ஆராய்ந்து 1989-இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலானவற்றுக்குப் பெடல் மாறிய கால்தான் காரணம் என்றது. பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிலிருந்து கியரை நகர்த்த முடியாதபடி ஒரு பூட்டு வருகிறதே, அது பரவியது அந்தக் கலாட்டாவுக்குப் பிறகுதான்.

வண்டிக்காரர்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. டொயோட்டா 2009, 2010-இல் பெடலில் மேட் சிக்குகிறது, பெடலே ஒட்டிக்கொள்கிறது என்று லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்னணுக் கோளாறா என்று நாசா பொறியாளர்கள் பார்த்தார்கள். அப்படி எதுவும் அகப்படவில்லை என்று 2011-இல் முடிவு வந்தது. ஆனால் மேட், பெடல் விஷயத்தில் மக்களுக்குத் தவறான தகவல் தந்ததற்காக அதே நிறுவனம் 2014-இல் 120 கோடி டாலர் கட்டியது. இரண்டு பக்கமும் உண்மை உண்டு.

ஒன்று கேட்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது அப்பா கண்ணாடியைப் பார்த்தாரா, உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தாரா? இடுப்பு திரும்பினால் கால் பழைய இடத்தில் இருக்காது.

மூத்தவன்:

பழங்கதை அண்ணே, உங்கள் பதிலைப் படித்ததும் கோபம் வந்தது. மறைக்கவில்லை. போனை மூடி வைத்துவிட்டேன். ஸ்பானர் அண்ணன் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு வந்து ஒரு பிடி பிடிக்கலாம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தோம். சீட்டில் என் மகள், பானெட் பக்கம் நான். அப்பா வரவில்லை, திண்ணையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். முதல் நான்கு தடவை ஒன்றுமில்லை. பாதிவரை மிதித்தால் நூல் பிடித்தாற்போலத் திரும்புகிறது. "தரைவரைக்கும் மிதி" என்றேன். மிதித்தாள், மெதுவாக விட்டாள். த்ராட்டில் லீவர் பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் கால் பெடலிலேயே இல்லை, லீவர் நிற்கிறது. கையால் தொட்டேன். 'டக்.' அப்பா சொன்ன அதே 'டக்'.

செய்தித்தாள் மடங்குகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து நின்றார்.

கேபிளைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். உள்கம்பி பல இழைகளாலான முறுக்கு இல்லையா, அதில் மூன்று இழை அறுந்திருக்கிறது. இரண்டு ஒட்டினாற்போல் படுத்துக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் மீன்முள் மாதிரி வெளியே வளைந்திருக்கிறது. முழுக்க இழுத்தால் அந்த முள் உறையின் வாயைத் தாண்டி வெளியே வருகிறது. திரும்பும்போது வாய்விளிம்பில் குத்தி நிற்கிறது. அது தொடுகிற இடத்தில் உறையின் பிளாஸ்டிக்கில் நகக்கீறல் போல ஒரு தடம்கூட விழுந்திருக்கிறது. பாதி மிதியில் அந்த முள் வெளியே வருவதே இல்லை. ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒரு சுற்று என்ன, நூறு சுற்று ஓட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது.

ஐடில் வால்வையும் கழற்றினோம். வாய் முழுக்கக் கரி, அடுப்பு மேலிருக்கும் புகைக்கூண்டு மாதிரி.

ஆக, ஒன்றும் இரண்டும் வண்டி. மூன்றாவதைப் பற்றி அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கேள்வியை அப்படியே போனில் அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "திரும்பித்தான் பார்த்தேன். அன்னைக்கும் ஆர்பிஎம் முள் மேலதான் நின்னுது. ரிவர்ஸ் போட்டதும் எகிறிச்சு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பழங்கதை:

அந்த ஒரு வரி போதும். 1989 அறிக்கையிலும் இது வருகிறது. சில ஆடி வண்டிகளில் ஐடிலிங்கைச் சீராக வைக்கிற பாகம் கெட்டு, திடீரென்று வேகம் கொஞ்சம் எகிறும். சுவரில் மோதுகிற அளவுக்கு அது போதாது. ஆனால் ஓட்டுகிறவரைத் திடுக்கிட வைக்கப் போதும். திடுக்கிட்ட கால் பிரேக் என்று நினைத்து எதையோ இறுக்கி மிதிக்கிறது. வேகம் கூடக் கூட இன்னும் இறுக்குகிறது. மிதித்தவருக்குக் கடைசிவரை அது பிரேக்தான். உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை.

காலா வண்டியா என்று நீங்கள் கேட்டதையே நானும் பிடித்துக்கொண்டேன். முதலில் எழுதியபோது ஐடிலிங் விஷயத்தைச் சுவரோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அது என் தப்பு.

ஸ்பானர்:

கேபிள் புதுசு போடுங்கள். அந்த முள்ளை மட்டும் கத்தரித்துவிட்டு எண்ணெய் விடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மற்ற இழைகளும் அதே வயசு. புதுக் கேபிள் மாட்டும்போது கொஞ்சம் தொய்வு விடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் பட்டர்ஃப்ளை முழுசாக மூடாது, மறுபடி ஐடிலிங் ஏறும். கேபிள் எங்கேயும் சுருக்கென்று மடங்காமல் வளைந்து போகட்டும். பழையது அறுந்ததே அப்படி ஒரு மடிப்பில்தான் இருக்கும்.

வால்வைச் சுத்தம் பண்ணிப் பாருங்கள், அடங்காவிட்டால் மாற்றுங்கள். பட்டர்ஃப்ளையைச் சுற்றித் துடைக்கும்போது சுரண்டாதீர்கள், துணியும் கிளீனரும் போதும்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அறுந்த கேபிளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சண்டைக்கு இல்லை. அடுத்த பெரியவர் வருவார்.

மூத்தவன்:

கேபிள் மாட்டியாயிற்று. ஸ்பானர் அண்ணன் சொன்னது சரி, பழைய கேபிளில் அறுந்த இடத்துக்கு நேராக உறையில் ஒரு மடிப்பு. நாங்களேதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் பேட்டரி மாற்றியபோது கேபிளை ஒரு பக்கமாகத் தள்ளிச் செருகிவிட்டது எனக்கு நினைவிருக்கிறது. இதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வால்வு சுத்தம் பண்ணிப் பத்து நாள் ஆகிறது, முள் 800-ஐ விட்டு நகரவில்லை. நேற்று அப்பாவை உட்கார வைத்தேன். வண்டியை எடுப்பதற்கு முன் இன்ஜினைப் போடாமல் பெடலை ஐந்தாறு தடவை தரைவரை அழுத்தி விட்டார். ஒவ்வொரு தடவையும் குனிந்து பெடல் மேலே வருகிறதா என்று பார்த்தார். அப்புறம், "ரிவர்ஸ் நீ எடுத்துக் கொடு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பம்பர் இன்னும் கட்டுக்கம்பியில்தான் நிற்கிறது.